டிசம்பர் 18-ல் முடிந்த சிஓஇ: என் பைக்குக்காகப் போட்ட கணக்குகள்

என் பைக்கை 2012 டிசம்பரில் இங்கே சிங்கப்பூரில் பதிவு செய்தேன். அப்போது மோட்டார்சைக்கிளுக்கான சிஓஇ, அதாவது வண்டியைப் பத்து வருடம் சாலையில் ஓட்டுவதற்கான சான்றிதழ், இரண்டாயிரம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) அருகில் இருந்தது, அதையே "இவ்வளவா?" என்று கேட்டு அம்மாவிடம் புலம்பியது நினைவிருக்கிறது. பத்து வருடம் கழித்து அதே பைக், சீட் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, டேங்கில் பெயிண்ட் உரிந்திருக்கிறது, அதை இன்னும் பத்து வருடம் சாலையில் ஓட்டவேண்டும் என்றால் பன்னிரண்டாயிரத்தை ஒட்டிய தொகையைக் கட்டவேண்டும் என்ற நிலை வந்தது. பைக்கைப் புதிதாக வாங்கும்போது பைக்குக்கே நான் அவ்வளவு கொடுக்கவில்லை.

இதை எழுதக் காரணம், போன மாதம் வேலையிடத்தில் ஒரு தம்பி தன் பைக்கின் சிஓஇ முடியப்போகிறது, என்ன செய்வது என்று கேட்டான். அவனிடம் இருந்த கேள்விகள் எல்லாம் 2022-ல் எனக்கு இருந்தவை. யாராவது அன்றைக்கு எனக்குச் சொல்லியிருந்தால் நிச்சயம் சில நூறு வெள்ளி மிச்சமாகியிருக்கும், தூக்கமும் கெட்டிருக்காது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் ஈசூனில் இருக்கிறேன், வேலை சாங்கி விமான நிலையப் பக்கம், சரக்கு கையாளும் பிரிவில். காலை ஷிஃப்ட் என்றால் ஐந்து மணிக்கு உள்ளே இருக்கவேண்டும். அந்த நேரத்துக்கு முதல் ரயிலே கிளம்பியிருக்காது. மதிய ஷிஃப்ட் முடிய இரவு பதினொன்று ஆகும், அதற்குப் பிறகு ரயிலைப் பிடித்து, மாறி, மறுபடி மாறி வீடு வந்து சேர்வதற்குள் கடைசி இணைப்பு போய்விடும் நாட்களும் உண்டு. பைக்கில் தெம்பனிஸ் விரைவுச்சாலை வழியாக அரை மணி நேரம். "பொதுப் போக்குவரத்து இவ்வளவு நன்றாக இருக்கும் ஊரில் உங்களுக்கு எதற்கு வண்டி?" என்று கேட்பவர்கள் காலை எட்டரைக்கு ரயில் ஏறுபவர்கள். அவர்களுக்கு அது சரியான கேள்விதான். அதிகாலை நாலேகாலுக்குக் கீழே இறங்கி வந்து நிற்பவனுக்கு அந்தக் கேள்வி வலிக்கும்.

சரி, முதலில் இந்தக் கட்டணம் என்ன, எப்படி ஏறுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் எல்லாவற்றையும் சேர்த்துப் 'பதிவுக் கட்டணம்' என்று ஒரே பெயரில் திட்டுகிறார்கள். பதிவுக் கட்டணம் என்று தனியாக ஒன்று இருக்கிறது, காருக்கு அது 350 வெள்ளி. அதனால் யாரும் முழுகிப் போவதில்லை. கனமானவை மற்ற இரண்டு: ஒன்று கூடுதல் பதிவுக் கட்டணம், மற்றொன்று சிஓஇ, அதாவது வாகன உரிமைச் சான்றிதழ்.

கூடுதல் பதிவுக் கட்டணம் வண்டி இங்கே வந்து இறங்கும்போது சுங்கத்துறை மதிப்பிடும் விலையை, அதாவது சந்தை மதிப்பை, வைத்துக் கணக்கிடப்படுகிறது. என் தங்கையும் மாப்பிள்ளையும் ஒரு சாதாரணக் கார் பார்த்தார்கள், அதன் சந்தை மதிப்பு ஏறக்குறைய 25,000 வெள்ளி. காகிதத்தை எடுத்து நாங்களே போட்டுப் பார்த்தோம். கலால் வரி 20 விழுக்காடு, 5,000. இரண்டையும் சேர்த்த தொகைக்குப் பொருள் சேவை வரி 9 விழுக்காடு, 2,700. கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000-க்கு அதே அளவு, அதற்கு மேல் உள்ள 5,000-க்கு 140 விழுக்காடு, ஆக 27,000. பதிவுக் கட்டணம் 350. கூட்டினால் 60,050 வெள்ளி. இதில் இன்னும் சிஓஇ சேரவில்லை, கடைக்காரரின் லாபம் சேரவில்லை. தங்கை பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். விலை உயர்ந்த கார்களுக்கு இது இன்னும் செங்குத்தாக ஏறும்: 2023 வரவுசெலவுத் திட்டத்தில், 80,000 வெள்ளிக்கு மேல் போகும் பகுதிக்கு 320 விழுக்காடு என்று ஆக்கினார்கள். அது பணக்காரர்களின் பாடு, நான் அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை.

என் கவலை சிஓஇ பற்றியது. 1990 மே மாதம் வந்த முறை இது. ஊரில் எத்தனை வண்டி ஓடலாம் என்று அரசாங்கம் ஒரு எண்ணிக்கை வைத்திருக்கிறது, அதற்குள் இடம் வேண்டும் என்றால் ஏலத்தில் கேட்கவேண்டும். மாதத்துக்கு இரண்டு முறை, திங்கள் மதியம் 12-க்குத் தொடங்கிப் புதன் மாலை 4-க்கு முடியும். கிடைக்காமல் போனவர்களில் அதிகம் கேட்டவர் எவ்வளவு கேட்டாரோ அதைவிட ஒரு வெள்ளி கூடுதல்: அதுதான் கிடைத்தவர்கள் எல்லோரும் கட்டும் விலை. கிடைத்த சான்றிதழ் பத்து வருடத்துக்குச் செல்லும். இருக்கும் நிலத்தில் 12 விழுக்காடு ஏற்கெனவே சாலைகளுக்குப் போய்விட்டது, இதற்கு மேல் சாலை போட இடமில்லை என்பது அரசாங்கத்தின் வாதம், அதில் உண்மை இருக்கிறது. 2018 பிப்ரவரியிலிருந்து கார்களுக்கும் மோட்டார்சைக்கிள்களுக்கும் வளர்ச்சி விகிதம் பூஜ்யம். ஒரு வண்டி போனால்தான் இன்னொன்று வரலாம்.

என் மாமா 2008 நவம்பரைப் பற்றி அடிக்கடி சொல்வார், சிறிய கார்களுக்கான சிஓஇ இரண்டே வெள்ளிக்கு விழுந்த மாதம் அது. உலகமே பொருளாதார நெருக்கடியில் இருந்தது, கார் வாங்க ஆளில்லை. அதே சான்றிதழ் 2023 அக்டோபரில் 106,000 வெள்ளிக்குப் போனது, பெரிய கார்களுக்கு 150,001. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது ஒரு நிலையான கட்டணம் என்று நினைத்துத் திட்டம் போடுவது எவ்வளவு ஆபத்து என்று புரியும். எனக்கு அது தாமதமாகத்தான் புரிந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 2022 மே மாதமே எனக்குத் தெரியும், டிசம்பர் 18 கெடு என்று. சாலை வரி கட்டும் காகிதத்திலேயே இருக்கிறது. என் யோசனை, பழையதை விட்டுவிட்டுப் புதிது வாங்கிவிடலாம் என்பது. ஒரு கடையில் போய்க் கேட்டேன். சிஓஇ உட்பட விலை என்று ஒரு தொகை சொன்னார்கள், எனக்குக் கட்டுப்படியாகும் தொகை, 500 வெள்ளி முன்பணம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். காகிதத்தின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. அந்த விலைக்குள் சிஓஇ-க்காக அவர்கள் ஒதுக்கியிருந்த தொகைக்கு மேல் ஏலம் போனால் அவர்கள் கேட்கமாட்டார்கள், அல்லது மிச்சத்தை நான் போடவேண்டும் என்று அங்கே எழுதியிருந்தது. 'உறுதியில்லாத சிஓஇ' என்று அதற்குப் பெயரே இருக்கிறது.

ஆறு ஏலம், மூன்று மாதம். ஒவ்வொரு இரண்டாவது புதனும் மாலை நாலரைக்கு அந்தக் கடையின் விற்பனையாளருக்கு அழைப்பேன், "அண்ணே, இந்தத் தடவையும் கிடைக்கலை, கொஞ்சம் டாப்-அப் பண்ணினா அடுத்த தடவை நிச்சயம்" என்பார். இரண்டாவது முறை 400 கூட்டச் சம்மதித்தேன். நாலாவது முறை இன்னொரு 600. ஆறாவதும் கைவிட்டதும் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டேன், 'நிர்வாகச் செலவு' என்று 150 பிடித்துக்கொண்டு மீதியைத் தர ஏழு வாரம் ஆக்கினார்கள். அந்த விற்பனையாளர்மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கும் சம்பளம் அப்படித்தான் வருகிறது. ஆனால் அந்த மூன்று மாதத்தை நான் இழந்ததுதான் பின்னால் பெரிய நஷ்டமாக வந்தது.

புதிது வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்: இந்த விலையில் சிஓஇ உறுதியா, இல்லையா, இல்லை என்றால் எவ்வளவு வரை கேட்பீர்கள், எத்தனை ஏலம், கிடைக்காவிட்டால் என் பணம் எத்தனை நாளில், எவ்வளவு பிடித்தம் போக வரும். வாயால் சொன்னதை நம்பாமல் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். அவர்கள் எழுதித் தரத் தயங்கினால் அங்கேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பைக் சிஓஇ விலை ஏன் அப்படி ஏறியது என்று ஊபியில் எனக்கு வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணன்தான் விளக்கினார். கடைகள் கையில் வண்டி இல்லாமலேயே ஏலம் கேட்டுச் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்ற புகார் வெகுநாளாக இருந்தது, ஏலம் கேட்க வைப்புத்தொகை வெறும் 200 வெள்ளி, அதைத் தூக்கிப் போடுவதில் அவர்களுக்குப் பெரிய பயமில்லை. 2022-ல் அதை 800 ஆக்கினார்கள், ஏலத்தில் கிடைத்த தற்காலிகச் சான்றிதழை வண்டி பதிவு செய்யாமல் வைத்திருக்கும் காலத்தை ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைத்தார்கள். அதோடு, பழைய பைக்குகள் பதிவுநீக்கம் ஆகும்போது அந்த இடங்களில் ஒரு பகுதி எல்லா வாகனங்களுக்கும் பொதுவான பிரிவுக்குப் போய்க்கொண்டிருந்தது, அந்தப் பிரிவின் சான்றிதழ்களை நடைமுறையில் கார் வாங்குபவர்களே எடுத்துக்கொள்வார்கள். அதையும் 2022 மே மாதத்திலிருந்து நிறுத்தினார்கள். இத்தனை செய்தும் அந்த வருடக் கடைசியில் விலை 13,000 வெள்ளியைத் தாண்டியது. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குப் பைக் தேடுபவர்கள், எங்களைப்போல ஷிஃப்ட் வேலைக்காரர்கள், வார இறுதிக்குப் பெரிய பைக் வாங்குபவர்கள், எல்லோரும் ஒரே வரிசையில் நின்றோம்.

இந்த ஒரே வரிசைதான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாத விஷயம். கார்களை ஏ, பி என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், 1,600 சிசி வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் இன்னொன்று. 2014-ல் எஞ்சின் சக்தியையும் சேர்த்து அந்தக் கோட்டை இன்னும் சரியாக்கினார்கள், சின்ன எஞ்சின் போட்ட ஆடம்பரக் கார்கள் ஏ பிரிவுக்குள் நுழையக்கூடாது என்று. ஆனால் பைக்குகளுக்கு ஒரே பிரிவு, டி. என்னுடைய 150 சிசி வண்டியும் ஆயிரம் சிசி வண்டியும் ஒரே சான்றிதழுக்கு அடித்துக்கொள்கின்றன. 30,000 வெள்ளி பைக் வாங்குகிறவருக்குச் சிஓஇ பத்தாயிரமா பன்னிரண்டாயிரமா என்பது மொத்தத்தில் சின்ன வித்தியாசம். மூவாயிரம் நாலாயிரம் வெள்ளி வண்டியில் பிழைப்பு நடத்துபவருக்கு அது மூன்று மாதச் சேமிப்பு. கூடுதல் பதிவுக் கட்டணத்தில் இந்த நியாயத்தை 2017-லேயே ஏற்றுக்கொண்டார்கள்: பைக்கின் சந்தை மதிப்பில் முதல் 5,000-க்கு 15 விழுக்காடு, அடுத்த 5,000-க்கு 50, அதற்கு மேல் 100. 3,000 வெள்ளி மதிப்புள்ள பைக்குக்கு 450 வெள்ளி, 12,000 மதிப்புள்ள பைக்குக்கு 5,250. அங்கே பிரிக்க முடிந்ததை ஏலத்தில் ஏன் பிரிக்க முடியாது? என் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் இதை எழுதிக் கொடுத்தேன். ஒரு சின்னக் குறிப்பு: அங்கே போகிறவர்கள் "விலை அதிகம்" என்று மட்டும் சொல்லாமல், உங்கள் ஷிஃப்ட் நேரம், வீட்டு வருமானம், வண்டியின் சிசி, கெடு தேதி எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். எனக்குக் குறிப்பெடுத்துக்கொண்ட தொண்டூழியர் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் கேள்விகள் கேட்டார்.

நவம்பரில் வீட்டில் ஒரு முடிவுக்கு வந்தோம். மனைவி சொன்னாள், "பைக் இல்லாம முடியாது முடியாதுன்னு சொல்றீங்க, ரெண்டு வாரம் கீழேயே நிறுத்திட்டுப் போய்ப் பாருங்க. முடிஞ்சா அந்தக் காசை வேற எதுக்காவது வைக்கலாம்." எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு யோசித்தால் அதைவிட நல்ல யோசனை யாரும் தரவில்லை. நிறுத்தினேன்.

பன்னிரண்டு வேலை நாள். அதில் ஏழு நாள் காலை ஷிஃப்ட், ஐந்து நாள் மதியம். காலை ஷிஃப்டுக்கு டாக்சி தவிர வேறு வழியே இல்லை, நள்ளிரவு முதல் ஆறு மணி வரைக்குமான 50 விழுக்காடு கூடுதல் கட்டணமும் சேரும், ஒரு நாளைக்குச் சராசரியாக 36 வெள்ளி ஆனது. ஏழு நாளுக்கு 252. மதிய ஷிஃப்ட் போகும்போது ரயில், பேருந்து, அது சின்னச் செலவு, ஆனால் கதவுக்குக் கதவு ஒன்றரை மணி நேரம். இரவு திரும்பும்போது இரண்டு நாள் கடைசி இணைப்பை விட்டுவிட்டு டாக்சி எடுத்தேன். மொத்தம் 340 வெள்ளிக்கு மேல் போனது, இரண்டே வாரத்தில். பைக்குக்கு நான் ஒரு மாதத்துக்குச் செலவழிப்பது, புதிய சிஓஇ-ஐ மாதக் கணக்கில் பிரித்துச் சேர்த்தாலும், பெட்ரோல், காப்புறுதி, நிறுத்துமிடம், பராமரிப்பு எல்லாம் போட்டாலும் 300-க்குள் வந்தது. சாலை வரி எனக்கு வருடத்துக்கே நூறு வெள்ளிக்கும் குறைவு. ஆக, எனக்குப் பைக் தேவை என்பதற்கு வாய்ச்சொல்லாக இல்லாமல் ஒரு கணக்கு கிடைத்தது. யாருக்குச் சிஓஇ முடிகிறதோ அவர்கள் கெடுவுக்கு ஆறு மாதம் முன்பே இந்தச் சோதனையைச் செய்யவேண்டும். என் நண்பன் ஒருவன் பின்னால் இதையே செய்து பார்த்து, தனக்குப் பைக் தேவையில்லை என்று கண்டுபிடித்து விற்றுவிட்டான், அவன் வேலை பீஷானில், ஒன்பது மணிக்கு.

அடுத்தது, புதுப்பிப்பதா, பழையதொன்றை வாங்குவதா. மெக்கானிக் அண்ணன் சொன்ன வழி எளிமையானது: கேட்கும் விலையைச் சிஓஇ-யில் மிச்சமிருக்கும் மாதங்களால் வகுத்துப் பார். ஒரு பைக் 6,000 வெள்ளி, 30 மாதம் மிச்சம், மாதத்துக்கு 200. இன்னொன்று 8,400 வெள்ளி, 56 மாதம், மாதத்துக்கு 150. முதலாவதைப் பார்த்தால் மலிவு மாதிரித் தெரியும், ஆனால் அதுதான் விலை கூடியது. என் சொந்த வண்டியைப் புதுப்பித்தால் மாதத்துக்கு நூறு வெள்ளியை ஒட்டி வந்தது, அதோடு இந்த வண்டி எங்கே விழுந்தது, எங்கே எண்ணெய் கசியும் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடம் தாண்டிய பைக்குக்கு வருடாவருடம் சோதனை உண்டு, அதில் ஒருமுறைகூட இது திரும்பி வந்ததில்லை. புதுப்பிக்க முடிவு செய்தேன்.

புதுப்பிக்க ஏலத்துக்குப் போகவேண்டியதில்லை, கடந்த மூன்று மாத ஏல விலைகளின் சராசரியைக் கட்டினால் போதும், பிகியூபி என்பார்கள். நான் கோட்டைவிட்ட இடம் இதுதான். இந்தச் சராசரி மாதத்துக்கு ஒருமுறை மாறும், அடுத்த மாதம் என்னவாக இருக்கும் என்பதை இந்த மாதத்தின் இரண்டாவது ஏலம் முடிந்த மாலையே நாமே கூட்டி வகுத்துப் பார்த்துவிடலாம், அதில் ஊகமே இல்லை. ஆறு விலைகள், ஆறால் வகுத்தல். நான் அதைச் செய்யவில்லை. செப்டம்பரிலும் அக்டோபரிலும் "இறங்கும், இறங்கும்" என்று காத்திருந்தேன், ஏலத்தில் விலை ஏறிக்கொண்டே இருந்தது, சராசரி அதன் பின்னாலேயே ஏறி வந்தது. முன்கூட்டியே புதுப்பித்தால் பழைய சான்றிதழில் மிச்சமிருக்கும் நாட்கள் போய்விடும் என்பது உண்மை. ஆனால் அந்த நாட்களின் மதிப்பு மாதத்துக்கு நூறு வெள்ளிக்குள்தான். அதைக் காப்பாற்றப் போய் அதைவிடப் பல மடங்கு கூடுதலாகக் கட்டினேன். விலை இறங்கிக்கொண்டிருக்கும் காலம் என்றால் கணக்கு தலைகீழ், அப்போது கெடுவரை காத்திருக்கலாம். எந்தப் பக்கம் போகிறது என்பதை அந்த ஆறு எண்களே காட்டிக் கொடுக்கும்.

ஐந்து வருடமா பத்து வருடமா என்பதிலும் இரண்டு இரவு போனது. ஐந்து வருடத்துக்குப் பாதி விலை, மாதக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஐந்து வருடம் என்று எடுத்துவிட்டால் அதற்குமேல் அந்த வண்டியைப் புதுப்பிக்கவே முடியாது, முடிந்ததும் பதிவுநீக்கம்தான். பத்து வருடம் எடுத்தால் நடுவில் வேண்டாம் என்று பதிவுநீக்கம் செய்யும்போது மிச்சக் காலத்துக்கான பணம் திரும்ப வரும், அதனால் கையில் பணம் இருப்பவர்களுக்குப் பத்து வருடம் நல்லது. என்னிடம் 2,500 வெள்ளிதான் இருந்தது. ஐந்து வருடம் எடுத்தேன், 5,900 வெள்ளியை ஒட்டி வந்தது.

மீதி 3,400-க்கு ஒரு கடன் நிறுவனத்தில் கேட்டேன். 4 விழுக்காடு வட்டி என்றார்கள், நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன். அது நிலையான வட்டி, முழுத் தொகைக்கும் முழுக் காலத்துக்கும் போடுவது. நான் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டு வந்தாலும் வட்டி குறையாது. மூன்று வருடத்துக்கு அதை உண்மையான வட்டி விகிதமாக மாற்றினால் ஏறக்குறைய ஏழரை விழுக்காடு வரும். உண்மை வட்டி விகிதம் என்ன என்று கேளுங்கள், சொல்வார்கள். கடைசியில் என் மச்சான்தான் கொடுத்தார், வட்டியில்லாமல், மாதம் 200 வெள்ளியாகப் பதினேழு மாதத்தில் அடைத்தேன். எல்லோருக்கும் அப்படி ஒரு மச்சான் இருக்கமாட்டார் என்று தெரியும், அதனால்தான் வட்டி விஷயத்தை இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

மாமாவின் கதையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அவருடையது என்னுடையதைவிடக் கடுமையானது. தேக்காவில் உள்ள கடைகளுக்கும் இரண்டு மூன்று கோயில்களுக்கும் வாழையிலை, பூ, தேங்காய் கொண்டுபோய்ப் போடுபவர். அவருடைய வேனின் சிஓஇ 2023-ல் முடிந்தது. சரக்கு வாகனங்களுக்கான விலை அந்த வருடத்தின் பல மாதங்களில் 80,000 வெள்ளிக்கு மேல் இருந்தது, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கவே நாற்பதாயிரம். பத்து வருடம் தாண்டிய சரக்கு வாகனத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை வேறு. அறுபத்து மூன்று வயதில் நாற்பதாயிரம் கடன் வாங்குவதா என்று அத்தை அழுதார். மாமா வேனைக் கொடுத்துவிட்டு, சந்தைக்குக் காய்கறி எடுக்கப் போகும் இன்னொரு வியாபாரியோடு சேர்ந்து ஒரு வேனை மாத வாடகைக்கு எடுத்தார், அதிகாலை அந்த வியாபாரிக்கு, எட்டு மணிக்கு மேல் மாமாவுக்கு. கோயில் திருவிழா நாட்களில் இருவருக்கும் ஒரே நேரத்தில் வேன் வேண்டியிருக்கும், அப்போது சங்கடம்தான். பூமாலை விலையும் ஏறியது. தைப்பூசத்துக்கு மாலை வாங்கிய ஒருவர் "பூ விலை ஏறிடுச்சா?" என்று கேட்டபோது மாமா, "பூ ஏறலைங்க, வேன் ஏறிடுச்சு" என்றார்.

கார் வைத்திருப்பவன் ஆடம்பரக்காரன், கட்டட்டும் என்று பேசுவது எளிது. நானும் அப்படிப் பேசியவன். அந்த நாற்பதாயிரம் எங்கோ ஓர் இலை, ஒரு மாலை, ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தின் விலையில் வந்து உட்காருகிறது என்பதை மாமாவின் கணக்குப் புத்தகத்தில் பார்த்த பிறகு அப்படிப் பேசுவதில்லை. சாலையில் இடம் குறைவு, கட்டுப்பாடு வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. 2025 பிப்ரவரியிலிருந்து சில ஆண்டுகளில் 20,000 வரை கூடுதல் சான்றிதழ்களைச் சேர்ப்பதாக அறிவித்தார்கள், அதுவும் நல்லதுதான். ஆனால் வேலைக்காக ஓடும் வண்டியையும் விருப்பத்துக்காக ஓடும் வண்டியையும் ஒரே ஏலத்தில் நிறுத்தும்வரை எங்கள் பக்கத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு பத்தாவது வருடமும் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

அந்தத் தம்பியிடம் என்ன சொன்னேன் என்றால், முதலில் உன் கெடு தேதியைப் பார், அப்புறம் கடந்த ஆறு ஏல விலைகளை எழுது, இரண்டு வாரம் பைக்கைத் தொடாதே. அவன் கெடுவுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. பழைய பைக் வாங்குவதாக இருந்தால் பணம் கொடுக்கும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தில் சிஓஇ எப்போது முடிகிறது என்று அவனே பார்க்கவேண்டும், ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்ததா என்பதையும் விற்பவரிடம் கேட்டுச் சரிபார்க்கவேண்டும், மறுபடி புதுப்பிக்க முடியாத வண்டியைப் புதுப்பிக்கலாம் என்று சொல்லி விற்றவர்களை எனக்குத் தெரியும்.

என் சிஓஇ 2027 டிசம்பரில் முடிகிறது. மச்சானுக்கு அடைத்து முடித்த அடுத்த மாதம், 2024 ஜூனிலிருந்து, அதே 200 வெள்ளி மாதாமாதம் தனிக் கணக்குக்குப் போகிறது. தவறாமல் போட்டால் கெடு வரும்போது 8,600 இருக்கும். சமையலறை நாள்காட்டியில் ஏலம் முடியும் புதன்கிழமைகளில் மனைவி பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறாள், நாலு மணிக்கு மேல் விலையைப் பார்த்து வட்டத்துக்குள் எழுதுவது என் வேலை. காலை ஷிஃப்டில் இருந்து வந்து தூங்கிவிட்டால் அம்மா எழுப்பிவிடுவார், "டேய், இன்னைக்குப் புதன்" என்று.